களுவாஞ்சிகுடியிலிருந்து டோஹாவுக்கு, நாலரை மாதப் பிள்ளையோடு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். பிள்ளைக்கு இப்போது மூன்றரை மாதம். நாலரை மாதமாகும்போது களுவாஞ்சிகுடியிலிருந்து டோஹாவில் வேலை செய்யும் உங்கள் கணவரிடம் தனியாகக் கொண்டுபோகப் போகிறீர்கள். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். பிளேனில் அழுதால் என்ன செய்வது, காது வலிக்குமா, தூங்குவதற்கு ஏதாவது சிரப் கொடுக்கலாமா, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் 26 வருடம் மிட்வைப்பாக இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகு என் மகள் தன் ஐந்து மாதப் பிள்ளையை டோஹாவுக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். அதனால் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் பிளேனைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், பாதையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டோஹா ஐந்து மணித்தியாலம்தான். ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். வேனில் நின்று நின்று போனால் எட்டு, ஒன்பது மணித்தியாலம். அங்கே மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். இறங்கிய பிறகு இமிக்ரேஷன், பெட்டி என்று இன்னும் ஒன்றரை. ஆக, பிள்ளைக்கு இது 18 மணித்தியாலப் பயணம். நீர்கொழும்பிலிருந்து போகிற தாயும் நீங்களும் ஒரே பிளேனில் ஏறுவீர்கள், ஆனால் உங்கள் பிள்ளை ஏறும்போதே களைத்துப்போயிருக்கும். நம் பக்கத்துத் தாய்மார் ஆயத்தப்படுத்த வேண்டியது அந்த முன்பாதிக்குத்தான்.

சரி, முதலில் பத்திரங்கள். பிள்ளைக்குத் தனிப் பாஸ்போட் வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பொதுவாக மூன்று வருடத்துக்குத் தருவார்கள், கைவிரல் அடையாளம் எடுப்பதில்லை. பிறப்புப் பத்திரத்தின் மூலப்பிரதி, உங்கள் இருவருடைய பாஸ்போட் அல்லது அடையாள அட்டைப் பிரதி, இருவரின் சம்மதக் கடிதம் எல்லாம் தேவை. கணவர் அங்கே இருப்பதால் அவருடைய கடிதத்தை டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். இதை இன்றைக்கே சொல்லுங்கள். அவருக்கு லீவு கிடைத்து, தூதரகம் போய், கடிதம் வந்துசேர இரண்டு மூன்று வாரம் போய்விடும். 2024 கடைசியில் பாஸ்போட் புத்தகத் தட்டுப்பாட்டால் பத்தரமுல்லை பாஸ்போட் ஒபிஸில் சனங்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பாஸ்போட் கைக்கு வந்த பிறகு டிக்கட் போடுங்கள், மாறிச் செய்ய வேண்டாம்.

படத்தை அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். பிள்ளை கண்ணைத் திறந்து, வாயை மூடி, நேரே பார்க்க வேண்டும், பிடித்திருப்பவரின் கை தெரியக்கூடாது. நன்றாகப் பால் குடித்து அரை மணித்தியாலம் ஆன பிறகு கொண்டுபோங்கள். ஸ்டூடியோவில் சொல்கிற நிறத் துணியில் கிடத்தி மேலிருந்து எடுப்பதுதான் சுலபம். வீட்டில் கன்னத்தில் வைத்த பெரிய பொட்டை அழித்துவிட்டுப் போங்கள்.

பெயரின் ஆங்கில எழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். நம் பிறப்புப் பத்திரம் தமிழில் இருக்கும். அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுப்போம். ‘த’ வருகிற இடத்தில் ஒருவர் ஒரு எழுத்துப் போடுவார், இன்னொருவர் கூட ஒரு ‘எச்’ சேர்ப்பார். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். என் மகளின் பிள்ளைக்கு இதுதான் நடந்தது. மொழிபெயர்ப்பில் ‘எச்’ இருந்தது, பாஸ்போட் படிவத்தை நிரப்பியவர் ‘எச்’ இல்லாமல் நிரப்பிவிட்டார். விசாவுக்குப் பத்திரம் கொடுத்த பிறகுதான் கண்டுபிடித்தோம். மொழிபெயர்ப்பைத் திருத்தி, திரும்ப அத்தாட்சி எடுத்து, ஐந்து வாரம் பிந்திற்று. வேலைக்குப் போட்ட லீவெல்லாம் வீணானது. அதனால் ஒரு துண்டுக் கடதாசியில் பிள்ளையின் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தகப்பன் பெயர் அவருடைய பாஸ்போட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர், பாஸ்போட் படிவம், விசா, டிக்கட் போடுகிற ஏஜென்ட் எல்லாரிடமும் அந்த ஒரே துண்டைக் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம்.

பிறப்புப் பத்திரத்தையும் கலியாணப் பத்திரத்தையும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, பிறகு கொழும்பிலுள்ள கட்டார் தூதரகத்திலும் முத்திரை எடுக்க வேண்டும். குடும்ப விசாவா, விசிட் விசாவா என்பதைக் கணவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் போகிறவர்களுக்குச் சுகாதாரக் காப்புறுதி 2023 பெப்ரவரியிலிருந்து கட்டாயம், பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தனியாகப் போவதால் கணவரின் சம்மதக் கடிதத்தின் ஒரு பிரதி, அவருடைய கட்டார் அடையாள அட்டைப் பிரதி, கலியாணப் பத்திரம் மூன்றையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது ஊசி. நம் நாட்டு அட்டவணையில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி) போலியோவும் 2, 4, 6 மாதங்களில். உங்கள் பயணத் திகதிக்கு முன் நாலாம் மாத ஊசி வருகிறது. அதைப் பிற்போட வேண்டாம், ஆனால் பயணத்துக்கு முதல் நாளும் போட வேண்டாம். ஐங்கூட்டு ஊசிக்குப் பிறகு ஒன்று இரண்டு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் வருவது வழமை. குறைந்தது ஒரு வாரம் இடைவெளி இருக்கட்டும். ஆறாம் மாத ஊசி டோஹாவில் விழும். அதற்குக் கிளினிக் கொப்பி கட்டாயம் வேண்டும். அதோடு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் கேட்டு, போட்ட ஊசிகளின் பெயரும் திகதியும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்த ஒரு கடிதமும் எடுங்கள். கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. நம் அரச அட்டவணையில் இல்லாத நியூமோகொக்கல் (நியூமோனியாவுக்கு எதிரானது), ரோட்டாவைரஸ் (வயிற்றோட்டத்துக்கு எதிரானது) தடுப்பு மருந்துகள் கட்டாரின் அட்டவணையில் இருக்கின்றன. ரோட்டா சொட்டு மருந்தைப் பல நாடுகளில் 15 வாரத்துக்குள் தொடங்குவார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கெடு இந்தக் கிழமைதான், சிலவேளை கடந்தும் இருக்கலாம். ஆகவே பொறுத்திருக்காமல் ஒரு பிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டிக் கேளுங்கள், அவர் சரியென்றால் தனியாரிடம் போடலாம். தட்டம்மை ஊசி நம்மிடம் 9 மாதத்தில்தான், இந்த வயதில் போட முடியாது. எனவே பயணத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள். வழியனுப்ப வருகிறவர்களில் இருமல், தடிமன் உள்ளவர்கள் எட்ட நின்று கையசைத்தால் போதும்.

இப்போது ஏணை. நம் பிள்ளைகள் பிறந்த மாதத்திலிருந்தே சேலை ஏணையில் ஆடித் தூங்கிப் பழகியவை. பிளேனில் தருகிற தொட்டில் தட்டையானது, ஆடாது. மகளின் பிள்ளை அதில் போட்ட உடனே கண்ணை விரித்து விழித்தது, இரண்டு கையையும் காற்றில் அளைந்தது, பிறகு வீறிட்டது. ஐந்து மணித்தியாலமும் நாங்கள் மாறி மாறித் தோளில் போட்டோம். உங்களுக்கு மாற ஆள் இல்லை. அதனால் இன்றிலிருந்தே பகல் தூக்கம் ஒன்றைப் பாயிலோ மெத்தையிலோ மல்லாக்கக் கிடத்திப் பழக்குங்கள். முதல் நாலைந்து நாள் அழும். நெஞ்சில் கையை வைத்து மெல்லத் தட்டுங்கள், தூக்கிவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பகல், இரண்டாவது வாரத்தில் இரவும். மாமி ‘பாவம் பிள்ளை’ என்பார்கள். டோஹாவில் ஏணை கட்டக் கூரை வளையும் இல்லை, வளை போட வீட்டுக்காரன் விடவும் மாட்டான் என்று சொல்லுங்கள். மல்லாக்கத் தட்டையாகத் தூங்குவதுதான் இந்த வயதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பும்கூட.

அந்தத் தொட்டில் தானாகக் கிடைக்காது. டிக்கட் போடும்போதே கேட்டு, முன்சுவர் வரிசைக் கதிரையை உறுதிப்படுத்த வேண்டும். எண்ணிக்கை குறைவு. பொதுவாகப் 10, 11 கிலோ வரையான பிள்ளைக்குக் கொடுப்பார்கள். மடியில் போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 வீதமளவும் வரியும் வரும்.

பாதைக்கு வருவோம். டோஹா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகோ விடியப்புறமோ புறப்படுகின்றன. நம் ஆட்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேன் பிடித்து, இரவு கட்டுநாயக்கவில் இறங்கி, அப்படியே உள்ளே போய்விடுவார்கள். பெரியவர்களுக்கு அது சரி. பிள்ளையோடு அப்படிப் போக வேண்டாம் என்பதுதான் என் புத்தி. புணாணை, வெலிக்கந்தைப் பக்கமும் மின்னேரியா, ஹபரணைப் பக்கமும் இருட்டினால் யானை பாதைக்கு வரும், அந்த இடங்களைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். முதல் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். வெயில் ஏறுவதற்குள் பொலன்னறுவை தாண்டலாம். தம்புள்ளையில் நீண்ட ஓய்வு. குருநாகல், நாரம்மல, திவுலப்பிட்டி வழியாகப் பின்னேரத்துக்குள் நீர்கொழும்புப் பக்கம் வந்துவிடுவீர்கள். அங்கே சொந்தக்காரர் வீட்டிலோ அறை எடுத்தோ தங்கி, பிள்ளையைக் கழுவி, காற்றாடிக்குக் கீழே படுக்கவைத்து, நீங்களும் நாலு மணித்தியாலம் தூங்குங்கள். அறைக் காசைப் பார்க்க வேண்டாம். மகளின் பயணத்தில் நாங்கள் அந்தக் காசை மிச்சம் பிடித்தோம், செக்இன் வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிட்டது அழுது அழுது.

வேனில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடுகிற வேனில் பால் கொடுக்க வேண்டாம், நிறுத்திக் கொடுத்து, தோளில் போட்டு ஏவறை எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பிள்ளையை முன்கதிரையில் வைத்திருக்கவே கூடாது. யாரிடமாவது பேபி சீட் இரவல் கிடைத்தால் வாங்குங்கள், சடுதியாக பிரேக் அடித்தால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. பெரும்பாலான விமானங்களில் அதைக் காசில்லாமல் ஏற்றுவார்கள், டோஹாவில் கணவரின் காருக்கும் உதவும்.

கைப்பைக்கு ஒரு முறை சொல்கிறேன். சின்னச் சொப்பிங் பேக் பத்து எடுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பம்பர்ஸ், ஒரு மெல்லிய சட்டை, நாலைந்து ஈர டிசு, மடித்த வெறும் பேக் ஒன்று. முடிச்சுப் போடுங்கள். பிள்ளை நனைத்தால் ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டு போகலாம், அழுக்கை அந்த வெறும் பேக்கில் கட்டிவிடலாம். ஒரு கையில் பிள்ளையோடு பெரிய பையைக் கிண்டிப் பாருங்கள், இதன் அருமை அப்போது தெரியும். உங்களுக்கும் ஒரு மேற்சட்டை மாற்றுக்கு வையுங்கள், பிள்ளை கக்குவது உங்கள் மேலேதான். வெயிலுக்கு மெல்லிய சட்டை, பிளேன் குளிருக்கு மேலே ஒரு துணி, தொப்பி. பிளேனின் காற்று உலர்ந்தது, பால் கொடுக்கிற நீங்கள் தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தண்ணீரே தேவையில்லை.

பிள்ளையின் பஞ்சாயுதம், கைவளையல், வசம்பு கோத்த காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். நாவூறுக்குப் பயந்தால் காலடியில் ஒரு சின்னப் பொட்டு போதும். சங்கிலி கழுத்தில் இறுகும், வசம்பு வாய்க்குள் போகும், பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தி அதையெல்லாம் பார்ப்பார்கள். பெட்டிக்குள் மாமி சரக்குத் தூள் வைப்பார்கள். அதில் கசகசா இருக்கக்கூடாது, வளைகுடா நாடுகளில் அது தடை. பெயர் ஒட்டாத நாட்டு மருந்துத் தூளும் வேண்டாம். கிளினிக்கில் தந்த மருந்து என்றால் சிட்டையோடு.

தூங்க சிரப் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றே ஒன்று. கூடாது. பிரிட்டோன் (Piriton) சிரப் கொஞ்சம் கொடுத்தால் போகும்வரை தூங்கும் என்று பாமசியில் நிற்கிற பொடியனும் சொல்வான், பக்கத்து வீட்டு மச்சாளும் சொல்வார். அது ஒவ்வாமைக்கான மருந்து, மயக்கம் அதன் பக்கவிளைவு. இந்த வயதில் மூச்சைக் குறைக்கவும் கூடும். சில பிள்ளைகளுக்கு மாறாக வேலை செய்து, தூங்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஓமத்தண்ணி, கிரைப் வாட்டர், வசம்பு உரைத்த தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேனே கொடுக்கக்கூடாது. பரசிட்டமோல் சிரப் ஒன்று வைத்திருங்கள், காய்ச்சலுக்கு மட்டும், எத்தனை மில்லி என்பதை இப்போதைய நிறையைக் காட்டி டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மோமீற்றரும். புறப்படும் முன் 38 பாகைக்கு மேல் காய்ச்சலோ காதில் சீழோ மூச்சிழுப்போ இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். டிக்கட்டை மாற்றலாம்.

விமான நிலையத்தில் பிள்ளையோடு வருகிறவர்களை முன்னுக்கு விடுவார்கள், ஆனால் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். சோதனையில் பிள்ளையை நெஞ்சில் கட்டிய தூளியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள், அதனால் அவிழ்க்கச் சுலபமானதைக் கட்டுங்கள். பிழிந்த பால் கொண்டுபோனால் 100 மில்லி விதி பிள்ளைக்கான அளவான பாலுக்கு இல்லை. தனியாக எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

பிளேனில் ஏறியதும் பிள்ளைக்கென்று ஒரு சின்ன பெல்ட் தருவார்கள், உங்கள் பெல்ட்டில் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் மாட்ட வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையைச் சேர்த்து மாட்டாதீர்கள். குலுங்கினால் உங்கள் பாரம் முழுதும் பிள்ளையின் வயிற்றில் விழும். தொட்டில் மேலே எழும்பிய பிறகுதான் பொருத்துவார்கள், பெல்ட் லைட் எரிந்தால் பிள்ளையை எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய நுவரெலியாவில் நிற்பது போல, சில நேரம் அதைவிடக் கொஞ்சம் உயரத்தில். சுகமான பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கூட. மூக்கின் பின்னாலிருந்து காதுக்குப் போகும் குழாய் விழுங்கும்போது திறந்து காற்றைச் சமப்படுத்தும். நமக்குக் கொட்டாவி விடத் தெரியும், பிள்ளைக்குப் பால் உறிஞ்சுவதுதான் வழி. என் மகள் செய்த பிழை, டோஹா வெளிச்சம் தெரிவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னரே அவசரப்பட்டுப் பால் கொடுத்துவிட்டாள். உண்மையில் இறங்கத் தொடங்கும்போது பிள்ளை வயிறு நிறைந்து, மார்பைத் தள்ளிவிட்டு அழுதது. பிளேன் தரைதொடுவதற்கு ஏறக்குறைய அரை மணித்தியாலத்துக்கு முன் கீழே இறங்கத் தொடங்கும். பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே ‘இறங்கத் தொடங்கும்போது சொல்லுங்கள்’ என்று கேட்டு வையுங்கள். அதற்கு முந்திய பாலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, பிள்ளையைப் பசியோடு வைத்திருங்கள். மார்பை விட்டால் சூப்பியாவது, உங்கள் கழுவிய சின்ன விரலாவது. தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம், வலித்தால் தானே எழும்பும்.

இவ்வளவு செய்தும் அழலாம். அழட்டும். அழும்போதும் விழுங்கத்தான் செய்கிறது, காது அப்படியும் திறக்கும். சுற்றியிருப்பவர்களில் பாதிப் பேர் ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் பயணத்தில் அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் எழுந்து வந்து, மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவளுடைய தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டோஹாவில் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். பிள்ளை விடிய மூன்று மணிக்கு விளையாட எழும்பும், மூன்று நாலு நாளில் சரியாகும். பகலில் திரையைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். கோடையில் வெளியே 40 பாகைக்கு மேல், உள்ளே ஏசி. ஏசியை 25இல் வைத்து, காற்று நேரே பிள்ளை மேல் படாமல் திருப்பிவிடுங்கள். கணவரிடம் இப்போதே சொல்லி, வீட்டுக்குக் கிட்டிய அரச சுகாதார நிலையம் எது, பிள்ளைக்கு ஹெல்த் கார்ட் எடுக்க என்ன வேண்டும் என்று விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய் இறங்கும்போது ஆறாம் மாத ஊசிக்கு ஆறு வாரம்தான் இருக்கும்.